மெர்ச்சன்டைசர் என்னதான் வேலை பாக்குறாரு?

கேள்வி: எம்பிஏ முடிச்சு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில எச்ஆரா சேர்ந்திருக்கேன். எல்லா போஸ்ட்டுக்கும் ஜாப் டிஸ்கிரிப்ஷன், அதாவது அந்த வேலைல என்னென்ன செய்யணும், என்ன தகுதி வேணும்னு ஒரு குறிப்பு, எழுதிக் குடுங்கன்னு எம்டி சொல்லிட்டாரு. ஃப்ளோர்ல போய்க் கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. நெட்ல இருக்கறதை காப்பி பண்ணிடலாமா? சூப்பர்வைசர்னா டிகிரி கட்டாயம்னு போடவும் சொல்றாரு. (வாசகி, திருப்பூர்)

பதில்: காப்பி பண்ணா எம்டி சந்தோஷப்படுவாரு, ஆனா அது வேற எவனோ கம்பெனியோட வேலையாத்தான் இருக்கும்மா.

மொதல்ல அவங்க ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு பாருங்க. நோட்டும் பேனாவுமா ஒருத்தர் வந்து நின்னா ஆளைக் குறைக்கப் போறாங்க, இல்ல பீஸ் ரேட்ல, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு குடுக்கற கூலில, கை வைக்கப் போறாங்கன்னுதான் தோணும், அமெரிக்க இன்ஜினியர் ஃபிரெட்ரிக் டெய்லர் ஸ்டாப்வாட்ச் வச்சு வேலையை அளந்த காலத்துலேர்ந்தே இந்த பயம் இருக்கு, அதுல நியாயமும் இருக்கு. அதனால எதுக்கு எழுதறீங்கன்னு எம்டி வாயாலயே அவங்ககிட்ட சொல்ல வைங்க. அவர் சொல்லத் தயங்கினா நீங்களும் கொஞ்சம் உஷாரா இருங்க.

அப்புறம், "உங்க வேலை என்ன?"ன்னு கேக்காதீங்க. ஆர்டர் குடுக்கற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல நின்னு ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சன்டைசர்கிட்ட அப்படிக் கேட்டா "பையர் ஃபாலோ அப்"னு ரெண்டே வார்த்தைல முடிச்சிடுவாரு. நேத்து காலைல வந்ததும் என்ன பண்ணீங்க, அடுத்து யாருக்கு போன் போட்டீங்கன்னு கேளுங்க, அப்பதான் லேப் டிப்புக்கு (சாயம் போடறதுக்கு முன்னாடி பையருக்குக் காட்டற கலர் சாம்பிள்) அப்ரூவல் வரலைன்னு டையிங்காரரைத் துரத்தினது, பிரிண்டிங் யூனிட்டுக்கு வண்டி அனுப்பினது, கட்டிங் மாஸ்டரை சமாதானம் பண்ணது எல்லாம் வெளிய வரும், இதுல பாதி எந்த நெட் டிஸ்கிரிப்ஷன்லயும் இருக்காது.

இன்னொரு கேள்வியும் இருக்கு. இந்த வேலைல எப்ப பெரிய சிக்கல் வந்துச்சு, அப்ப யாரு என்ன பண்ணி சமாளிச்சாங்க? ஜான் ஃபிளனகன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், ரெண்டாம் உலகப்போர்ல விமானப்படைக்கு வேலை பாத்த அனுபவத்துலேர்ந்து உருவாக்கி 1954ல எழுதின முறை இது. ஷிப்மென்ட் தேதிக்கு முந்தின ராத்திரி செக்கிங்ல ஷேடு வித்தியாசம் தெரிஞ்சா அதை அமுக்கறவர் யாரு, உடனே சொல்றவர் யாருன்னு கேட்டுப் பாருங்க, செக்கிங் வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னு அந்தக் கதையே சொல்லிடும்.

டிகிரி விஷயத்துல எம்டிகிட்ட கொஞ்சம் வாதாடுங்க. அமெரிக்காவுல டியூக் பவர்னு ஒரு மின்சார கம்பெனி நல்ல டிபார்ட்மென்ட்டுக்குப் போக ஹைஸ்கூல் சர்டிஃபிகேட் வேணும்னு வச்சிருந்துச்சு, அது கறுப்பின தொழிலாளிகளுக்குத்தான் தடையா இருந்துச்சு, ஆனா சர்டிஃபிகேட் இல்லாம ஏற்கெனவே அங்க இருந்தவங்க வேலையை நல்லாவே பாத்துட்டு இருந்தாங்க. இப்படி ஒரு இனத்தாரைத் தடுக்கற, வேலைக்கு சம்பந்தமில்லாத தகுதியைக் கேக்கக்கூடாதுன்னு 1971ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. அந்தச் சட்டம் நமக்கு இல்லதான், ஆனா உங்க லைன்ல இப்ப இருக்கற நல்ல சூப்பர்வைசர்ல எத்தனை பேர் டிகிரி முடிச்சவங்க? எண்ணிட்டு எம்டி ரூமுக்குப் போங்க.

முன்மாதிரி வேணும்னா மத்திய தொழிலாளர் அமைச்சகத்தோட தேசிய தொழில் வகைப்பாடு 2015 இருக்கு, ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன செய்வாங்கன்னு போட்டிருக்கும். அதை சரிபார்க்க மட்டும் வச்சுக்கங்க.

எழுதி முடிச்சதும் வேலை பாக்குறவர்கிட்டயும் அவர் சூப்பர்வைசர்கிட்டயும் தனித்தனியா காட்டுங்க. ரெண்டு பேரும் ஒத்துப்போகாத வரியை அடிச்சிடாதீங்க, பென்சில்ல ஒரு கோடு மட்டும் போட்டு எம்டிகிட்ட எடுத்துட்டுப் போங்க, அது யாரு பொறுப்புன்னு அவர்தான் முடிவு பண்ணணும்.