ஸ்டியரிங் பக்கம்: பாலத்தடியில் நாலு விரல்

கேள்வி: அண்ணே, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ரயில்வே கீழ்ப்பாலம் வழியாகக் குடோனுக்குப் போனேன். தாராளமாக நுழைந்தது. இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது அதே பாலத்தில் கேபின் மேலே இருக்கும் கேரியர் இடித்து நசுங்கிவிட்டது. நான் தூங்கிவிட்டேன் என்கிறார் ஓனர். சத்தியமாகத் தூங்கவில்லை. - ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: நம்புகிறேன் தம்பி. லோடு இருக்கும்போது ஸ்பிரிங் பட்டை அமுங்கி, டயரும் கொஞ்சம் சப்பி, வண்டி உட்கார்ந்துதான் போகும். மூட்டை இறங்கியதும் எழுந்துவிடும். பின்பக்கம் நன்றாகவே எழும்பும், முன்பக்கம் குறைவு. ஆக, கேரியர் நசுங்கியதற்கு இது பாதிக் காரணம்தான். மீதியை நீங்கள் எழுதவே இல்லை. தார்ப்பாய் எங்கே இருந்தது? போகும்போது மூட்டை மேல் விரித்துக் கட்டியிருப்பீர்கள். வரும்போது சுருட்டி, கயிற்றோடு சேர்த்துக் கேரியர் மேல் போட்டிருப்பீர்கள். இடித்தது அந்தச் சுருட்டல். கிளீனர் பையனைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பலகை. சிவப்பு வட்டத்துக்குள், மேலும் கீழும் முக்கோணம் வைத்து 3.6 மீ. என்று போட்டிருந்தால் பதினொன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் கூடுதல் என்று கணக்கு. சரக்கு வண்டி 4 மீட்டர்வரை உயரம் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது (2020இல்தான் 3.8இலிருந்து ஏற்றினார்கள்). அதனால் ‘என் வண்டி சட்டப்படிதான் இருக்கிறது’ என்ற பேச்சு பாலத்திடம் எடுபடாது.

பலகையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பெயின்ட் அடித்த பிறகு எத்தனை தடவை ரோடு போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால், தடவைக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று தரை ஏறும். பலகையில் எண் அப்படியே நிற்கும். வளைவுப் பாலமாக இருந்தால் நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் கிடையாது. எதிரே வருகிறவனுக்கு வழி விடுகிறேன் என்று ஒதுங்கினீர்களோ, தோள்பட்டை போச்சு.

நான் பட்டது வைக்கோலில். ஒரு மாசி மாதம் மன்னார்குடிப் பக்கம் ஏற்றிக் கட்டிவிட்டு, ‘வைக்கோல்தானே, அமுங்கிக் கொடுக்கும்’ என்று உள்ளே விட்டேன். அமுங்கவில்லை. கயிறு அறுந்து மேல் வரிசை முழுக்க ரோட்டில். நான் இறங்கிப் பார்ப்பதற்குள் இரண்டு மாடு வந்துவிட்டது, பின்னாலேயே மாட்டுக்காரரும். அதற்கப்புறம் வண்டியில் ஒரு மூங்கில் கழி வைத்துக்கொண்டேன். 3.6 வரும் இடத்தில் வீட்டம்மாவின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு. லோடு கட்டி முடித்ததும் தரையில் ஊன்றிப் பார்ப்பேன். கோட்டுக்குக் கீழே நாலு விரலாவது இடம் இல்லையென்றால் சுற்றிக்கொண்டுதான் போவேன். டீசல் செலவுக்கு ஓனரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அது வேறு கதை.

கேள்வி: ரயில்வே கேட்டில் பாலமே இல்லையே, அங்கே எதற்கு கோல் போஸ்ட் மாதிரி இரும்புச் சட்டம்? - ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: உங்கள் ஊர் கேட்டில் காத்திருக்கும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள் அம்மா. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். லோடு அதைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே தாவும். அதனால்தான் முன்னாலேயே தட்டிப் பார்க்க அந்தச் சட்டம்.

கேள்வி: பாலத்தடியில் மாட்டிக்கொண்டால் டயரில் காற்றை இறக்கினால் வெளியே வந்துவிடலாமா? - ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: வரலாம், ஓரிரு அங்குலம் கிடைக்கும். ஆனால் ரயில் பாலமாக இருந்தால் முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். இடித்த வேகத்தில் மேலே தண்டவாளம் நகர்ந்திருக்கலாம், அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்று உங்களுக்குத் தெரியாது. காற்றை அப்புறம் இறக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்ப அடிக்க எந்தப் பஞ்சர் கடைக்காரரை எழுப்புவது என்பதையும் யோசித்துக்கொண்டு இறக்குங்கள்.