"இதோ, அஞ்சே நிமிஷம்" என்பவரோடு பொறுப்பைப் பகிர்வது எப்படி?

கேள்வி: வேலைக்குப் போகிறேன். இரண்டு குழந்தைகள், உடம்புக்கு முடியாத மாமியார். நான் நேரம் குறித்து ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவேன். என் கணவர் நாலு வேலையைத் தொட்டுவிட்டு, "இதோ, அஞ்சே நிமிஷம்" என்பார். கடைசியில் எல்லாம் என் தலையில் விழுகிறது. இவரை எப்படி மாற்றுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அவரை மாற்றும் முயற்சியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வேலைகளைப் பிரித்திருக்கும் விதத்தை மாற்றலாம்.

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்பவர்கள், பலவற்றை ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்பவர்கள் என்று இந்த இரண்டு போக்கையும் அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் எப்போதோ விளக்கிவிட்டார். உங்கள் கணவரின் போக்கைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். அந்த "அஞ்சு நிமிஷமும்" பெரும்பாலும் பொய் இல்லை, நம்பித்தான் சொல்கிறார். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேல் ஆனது. அதனால் அவர் சொல்லும் நேரத்தை விடுங்கள். போன தடவை எவ்வளவு ஆனது என்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

நேரம் தவறக் கூடாத வேலைகள் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது நியாயமே இல்லை. அவற்றில் ஒன்றை, குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதுபோல, முழுசாக அவரிடம் கொடுங்கள். அலாரம் அவருடைய போனில் அடிக்கட்டும். நீங்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பொறுப்பு இன்னும் உங்களுடையதுதான். மாமியாரின் மருந்து வேளையில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

மாமியாருக்குத் துணையாக இருப்பதோ எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத வேலை. குறுக்கே எது வந்தாலும் சலிக்காத உங்கள் கணவருக்கு அது உங்களைவிட நன்றாக வரும்.

அப்புறம், உங்களுக்கும் ஒன்று. பாதியில் விட்ட வேலை மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். யாராவது கூப்பிட்டால், எழுந்து போகும் முன் எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று ஒரு வரி குறித்துவிடுங்கள்.

இதையெல்லாம் அவரிடம் சண்டைக்கு நடுவே சொல்லாதீர்கள். விடுமுறை நாளில் உட்கார்ந்து, ஒரே ஒரு வேலையைக் கைமாற்றுவதில் தொடங்குங்கள்.