ஆட்டோகான்ஃப்: சதுர அடைப்பு ஏன் காணாமல் போகிறது?

ஆட்டோகான்ஃப் (Autoconf) என்பது configure என்ற ஷெல் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் கருவி. அதற்குத் தரும் configure.ac கோப்பில் [0-9] எழுதினால், உருவாகும் ஷெல் ஸ்கிரிப்டில் 0-9 மட்டும் மிஞ்சுவது ஏன் என்பது கேள்வி. ஆட்டோகான்ஃப், தான் பயன்படுத்தும் எம்4 (m4) என்ற மேக்ரோ விரிப்பானின் மேற்கோள்குறியை [ ] என்று மாற்றிவைத்திருக்கிறது. விரிவாக்கத்தில் ஒரு அடுக்கு உரிந்துவிடும். [[0-9]] என்று எழுதுங்கள். மேக்ரோவுக்கு (விரிந்து வேறு உரையாகும் பெயர்) தரும் வாதத்தையே (argument) அடைப்பில் போடாவிட்டால் இதுவும் போதாது, இன்னொரு அடுக்கும் போய்விடும். ஜோடியில்லாத [ அல்லது ] மட்டும் வேண்டுமென்றால் முறையே @<:@ அல்லது @:>@ போடலாம். பார்க்க அசிங்கம்தான், ஆனால் தவறாது.

குறிப்புகள் (comments) இன்னும் மோசம். # வந்தால் வரி முடியும்வரை எம்4 எதையும் விரிக்காது, ஆனால் வரியை அப்படியே வெளியீட்டில் எழுதும். அடைப்பில்லாத வாதத்தில் # போட்டால், அதே வரியிலுள்ள மூடும் ) குறிப்போடு போய்விடும், 'வாதப் பட்டியலில் கோப்பு முடிந்தது' என்ற பிழை வரும். மாறாக அடைப்புக்குள் # குறிப்பாகவே எண்ணப்படாது. அங்கே தனி ] இருந்தால் மேற்கோள் பாதியில் முடிந்துவிடும். வெளியீட்டில் வரவே கூடாத குறிப்புக்கு வரித்தொடக்கத்தில் டிஎன்எல் (dnl) போடுங்கள்.