குரக்கன் சாப்பிட்டும் அம்மாவுக்கு சுகர் குறையேல்லை, ஏன் டொக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, 9 வருஷமா சீனி வருத்தம். ஆரோ சொன்னதைக் கேட்டு ரெண்டு மாசமா காலமை குரக்கன் (கேழ்வரகு) கஞ்சி, இரவில குரக்கன் பிட்டு. சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற மெட்ஃபோர்மின் குளிசையையும் தானாவே பாதியாக்கிப்போட்டா. இப்ப ஃபாஸ்டிங் (வெறுவயித்தில பாக்கிற) சுகர் 168. குரக்கன் அவவுக்கு ஒத்துவரேல்லையோ? (வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்)

பதில்: குரக்கனில பிழையில்லை தங்கச்சி, குளிசையைப் பாதியாக்கினதுதான் பிழை, இந்தக் கிழமையே கிளினிக் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போய் உள்ளதைச் சொல்லுங்கோ, ஏச்சு விழும் எண்டு மறைக்கவேண்டாம்.

குரக்கன் எண்டால் மாச்சத்தே இல்லை எண்டு கனபேர் நினைக்கினம். 100 கிராம் மாவில கிட்டத்தட்ட 70 கிராம் மாச்சத்துத்தான், அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனா தவிட்டோட அரைபடுறதால நார்ச்சத்துக் கூட, அதால சீனி ரத்தத்தில மெல்லமா ஏறும், வயிறும் கனநேரம் தாங்கும், கல்சியமும் நல்லா இருக்கு. இந்த நன்மை எல்லாம் சோத்துக்குப் பதிலாச் சாப்பிட்டால்தான், மத்தியானம் கோப்பை நிறையச் சோறும் சாப்பிட்டு இதையும் சேர்த்தால் கணக்கு ஏறத்தானே செய்யும்.

அடுத்தது அந்தக் கஞ்சி. மாவைப் பட்டுப்போல அரிச்சு, தண்ணியில நல்லா வேகவைச்சுக் குடிச்சால் வயித்துக்குச் செரிக்க வேலையே இல்லை, சீனி கெதியா ஏறும். அதுக்குள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் போடுறாவோ எண்டு பாருங்கோ, "அது சீனி இல்லையே டொக்டர்" எண்டு என்னட்டச் சொல்லாத அம்மாமாரே இல்லை. கஞ்சியை விட கரடுமுரடான மாவில பிட்டோ ரொட்டியோ நல்லம், பிட்டு எண்டால் ஒரு கப், வாழைப்பழம் சேர்க்காம, வல்லாரைச் சம்பலும் முட்டையும் இல்லாட்டி பருப்பும் வைச்சு. கடையில விக்கிற குரக்கன் பிஸ்கட் வாங்கினால் பைக்கட்டைத் திருப்பிப் பாருங்கோ, கனக்கத்தில என்னென்ன சேர்த்தது எண்டு போட்டிருக்கிற இடத்தில முதல் பேர் கோதுமை மாதான்.

9 வருஷ வருத்தம் எண்டபடியால் கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியாட்டினின் ரத்தச் சோதனையும் பாக்கோணும், கிட்னி பழுதெண்டால் குரக்கனின்ர அளவை டொக்டர்தான் சொல்லோணும்.

வீட்டில சுகர் பாக்கிற மெஷின் இருந்தால் பிட்டுச் சாப்பிடமுந்தி ஒருக்கா, முதல் வாய் வைச்சு ரெண்டு மணித்தியாலத்தில ஒருக்கா குத்திப் பாத்து எழுதுங்கோ, சோறு சாப்பிடுற நாளும் அப்பிடியே. அந்தக் கொப்பியையும் கிளினிக்குக் கொண்டுபோங்கோ.