பக்கத்தைப் பார்க்கிறார்கள், ஆர்டர் வருவதில்லை: பயோவில் என்ன எழுதுவது?

கேள்வி: கையால் தைத்த லேப்டாப் பைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். படங்களுக்கு லைக் வருகிறது, பக்கத்தையும் வந்து பார்க்கிறார்கள், ஆனால் ஆர்டர் மிகக் குறைவு. என் பயோ (பக்கத்தின் மேலே வரும் சிறு அறிமுகம்) இதுதான்: "கனவுகளைத் தைப்பவள் | தரமே எங்கள் தாரக மந்திரம் | ஆர்டருக்கு டிஎம் செய்யவும்". வாடிக்கையாளர்களை ஈர்க்கும்படி இதை எப்படி மாற்றி எழுதலாம்?

பதில்:

எழுத உட்காருவதற்கு முன் உங்கள் இன்பாக்ஸைத் திறங்கள். இதுவரை உங்களிடம் பேசியவர்கள் முதல் செய்தியில் என்ன கேட்டார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். "என் லேப்டாப்புக்குச் சரியா இருக்குமா?", "ஒண்ணு மட்டும் வாங்கலாமா?", "எங்க ஊருக்கு அனுப்புவீங்களா?", "எத்தனை நாளாகும்?", "விலை என்ன?" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் பயோ. சிறு தொழில் செய்பவர்களுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பது என் வேலை. யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது அவர்களுடைய இன்பாக்ஸைத்தான். நல்ல பயோவுக்கு வேண்டிய சொற்களை வாடிக்கையாளர்களே அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

நம்மில் பலரும் பயோவை நம்மைப் பற்றிய அறிமுகமாக நினைக்கிறோம். வாங்க வருபவர் அதை அப்படிப் படிப்பதில்லை. ஒரு படத்தைப் பார்த்து, பெயரைத் தட்டி, உள்ளே வருகிறார். "எனக்கு வேண்டியது இங்கே கிடைக்குமா?" என்பது மட்டும்தான் அப்போது அவர் மனதில் இருக்கிறது. அதற்குப் பதில் கிடைத்தால் நிற்பார், இல்லையென்றால் நகர்ந்துவிடுவார்.

இப்போது உங்கள் பயோவை அவர் இடத்திலிருந்து படித்துப் பார்ப்போம்.

"கனவுகளைத் தைப்பவள்" என்ற வரியில் உங்கள் தொழில்மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் தெரிகிறது. ஆனால் உங்களை முன்பின் தெரியாத ஒருவருக்கு, நீங்கள் பை தைக்கிறீர்களா, உடை தைக்கிறீர்களா, திரைச்சீலை தைக்கிறீர்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்பதை எந்தத் தொழில் செய்பவரும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் பொருந்தும் வரி உங்களுக்காக எந்த வேலையும் செய்யாது. தரத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், தொட்டுப் பார்க்கும்படி சொல்லுங்கள். "உள்ளே நுரை வைத்தது", "இரட்டைத் தையல்", "ஜிப் போனால் மாற்றித் தருவேன்" என்று எழுதினால், தரம் என்ற சொல் இல்லாமலே அது தெரிந்துவிடும்.

மூன்றாவது வரிதான் உங்களுக்கு அதிகம் இழப்பைத் தருகிறது என்று நினைக்கிறேன். விலையே தெரியாமல் "டிஎம் செய்யவும்" (தனிச் செய்தி அனுப்பவும்) என்றால் நிறையப் பேர் தயங்குவார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனால் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் நம் ஆட்களுக்கு ரொம்பவே உண்டு. அந்தக் கூச்சத்தோடு போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்கள் எதுவும் எழுதாமல் போய்விடுகிறார்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

உங்கள் லேப்டாப் அளவுக்கே தைத்த பைகள்
ஒரு பை என்றாலும் தைப்பேன்
எந்த ஊருக்கும் 7 நாளில் அனுப்புவேன்
விலையும் படங்களும் கீழே உள்ள இணைப்பில்

முதல் வரியில் பொருளும் இருக்கிறது, மற்றவர்களிடமிருந்து நீங்கள் எங்கே வேறுபடுகிறீர்கள் என்பதும் இருக்கிறது. ஒரு பை மட்டும் வேண்டும் என்பவர் இது மொத்த வியாபாரமோ என்று நினைத்து விலகாமல் இருக்க இரண்டாவது வரி. மூன்றாவது, தூரமும் நாளும். நான்காவது வரி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வேலையைச் சொல்கிறது. 7 நாள் என்பது நான் சும்மா போட்ட எண். உங்களால் உண்மையில் எத்தனை நாளில் முடியுமோ அதைப் போடுங்கள், கூடவே ஒன்றிரண்டு நாள் சேர்த்தே போடுங்கள். 7 என்று சொல்லி 5-இல் அனுப்புபவரை மறுபடியும் தேடி வருவார்கள்.

இடம் பற்றி ஒரு விஷயம். இன்ஸ்டாகிராம் பயோவுக்கு 150 குறிகள்தான். தமிழில் எழுதும்போது அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். "பைகள்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோட் முறையில் ஐகாரக் குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனியாகச் சேர்வதால் அது ஐந்து. மேலே உள்ள நான்கு வரியும் இடைவெளி உட்பட 137 வருகிறது, 13 மீதி. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று எதையாவது சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நிற்பதால்தான் கண் அதில் ஓடுகிறது. செங்குத்துக் கோடு போட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்தால் அது போய்விடும்.

அடுத்தது பெயர்ப் பகுதி. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். பயனர் பெயர் வேறு, பயோவுக்கு மேலே தடித்த எழுத்தில் வரும் பெயர் வேறு. பயனர் பெயரில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டும்தான் வரும், அதிகபட்சம் 30. அதை ஃபோனில் சொன்னால் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவு எளிதாக இருந்தால் போதும். தடித்த பெயரில் தமிழும் எழுதலாம், அது தேடலிலும் வரும். தன் தேடல் எப்படி இயங்குகிறது என்று 2021-இல் விளக்கியபோது இன்ஸ்டாகிராமே இதைச் சொன்னது: பயனர் பெயரும் பக்கத்தின் பெயரும் உங்கள் தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும், பயோவில் தொழில் சார்ந்த சொற்களும் இடமும் இருக்கட்டும் என்று. எனவே அங்கே வெறும் கடைப் பெயரை மட்டும் போடாமல், அதன் பக்கத்தில் "லேப்டாப் பை" என்று சேருங்கள். தமிழர்களிலும் பலர் இதை ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுவார்கள் என்பதால், இடம் இருந்தால் இரண்டு எழுத்திலும் வைக்கலாம். இந்தப் பெயரை 14 நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒரு தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்துவிட்டு மாற்றுங்கள்.

இணைப்பு. பயோ வாசகத்துக்குள் இணைய முகவரியை எழுதினால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தட்டினால் எங்கும் போகாது. அதற்கென்று உள்ள இணைப்புப் பகுதியில்தான் கொடுக்க வேண்டும். 2023 முதல் அங்கே ஐந்து இணைப்பு வரை வைக்கலாம். ஆனால் ஒன்றுக்கு மேல் வைத்தால் முதலாவது மட்டும் தெரியும், மற்றவை அதற்குள் ஒளிந்துகொள்ளும். எனக்குக் கேட்டால் ஒன்றே போதும், அது விலையும் படமும் இருக்கும் பக்கத்துக்குப் போகட்டும். இணையதளம் இல்லையென்றால் வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் என்று ஒன்று இருக்கிறது, பைகளைப் படத்தோடும் விலையோடும் அதில் அடுக்கி, அந்தக் கேட்டலாக்கின் இணைப்பைக் கொடுக்கலாம். நேரடியாக உரையாடலைத் திறக்கும் வாட்ஸ்அப் இணைப்பு கொடுப்பதாக இருந்தால், எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். கூட்டல் குறி, முன்னால் வரும் சுழியம், இடைவெளி எதுவும் கூடாது, இருந்தால் திறக்காமல் போகலாம். எந்த இணைப்பாக இருந்தாலும் வேறொருவர் ஃபோனிலிருந்து ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

பயோவில் இடம் போதாத கேள்விகளும் இருக்கும்: துவைக்கலாமா, நிறம் மாற்றித் தருவீர்களா, பிடிக்கவில்லையென்றால் திருப்பி எடுப்பீர்களா. அதற்குப் பக்கத்தின் உச்சியில் மூன்று பதிவுகளைப் பின் (pin) செய்து வைக்கலாம். ஒன்று விலைப் பட்டியலும் இந்தக் கேள்விகளுக்கான பதிலும், ஒன்று அளவு எடுக்கும் விதம், ஒன்று வாங்கியவர்கள் அனுப்பிய படங்கள் (அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்). பயோவும் இந்த மூன்றும் சேர்ந்து ஒரே திரையில் தெரிவதால், வருபவருக்கு அதுவே முழுக் கடை.

எனக்குத் தெரிந்த ஒருவர் இணையத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். அவர் பயோவில் பட்டங்களும் அனுபவமும் வரிசையாக இருந்தன. இன்பாக்ஸைப் பார்த்தால், பெற்றோர் எல்லோருமே கேட்டிருந்தது "ஒரு வகுப்புல எத்தனை பிள்ளைங்க?" என்பதைத்தான். அவர் ஒரு நேரத்தில் ஒரு மாணவருக்குத்தான் எடுக்கிறார். அவருக்கு அது இயல்பான விஷயம், அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. "ஒரு வகுப்பு, ஒரே மாணவர்" என்று முதல் வரியை மாற்றினோம். பட்டங்கள் ஒரு பின் செய்த பதிவுக்குப் போயின. இப்போது அவரிடம் பேசுபவர்கள் "எந்த நேரம் காலியா இருக்கு?" என்று தொடங்குகிறார்கள். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். தினமும் செய்வதால் உங்கள் கண்ணில் படாத ஒன்று, வாங்குபவருக்கு அதுவே காரணமாக இருக்கும்.

சில சின்ன விஷயங்கள். ஆங்கிலத்தில் சாய்ந்தும் சுழித்தும் வரும் அலங்கார எழுத்துகளைப் பயோவில் ஒட்டாதீர்கள். அவை எழுத்துரு மாற்றம் இல்லை, கணிதக் குறியீடுகள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அவற்றை ஒவ்வொன்றாக வேறு எதையோ படிக்கும், தேடலிலும் சரியாகச் சிக்காது. எமோஜி ஒன்றிரண்டு இருக்கலாம். பயோவில் ஹேஷ்டேகை நான் வைக்கமாட்டேன், அதைத் தட்டியவர் உங்கள் பக்கத்தை விட்டு வெளியே போய்விடுவார். "நம்பர் ஒன்", "மிகச் சிறந்த" போன்றவற்றை யாரும் நம்புவதில்லை, விட்டுவிடுங்கள்.

மற்றத் தளங்களிலும் இதே வரிகளையே வெட்டிப் பயன்படுத்தலாம். எக்ஸ் தளத்தில் 160 என்பதால் நான்கும் அடங்கும். ஃபேஸ்புக் அறிமுகத்துக்கு 101, முதல் மூன்று வரி சேர்ந்தால் 98 வருகிறது. டிக்டாக்கில் 80தான், முதல் வரியையும் மூன்றாவது வரியையும் வைத்தால் 72. லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 வரை இடம் உண்டு. ஆனால் நீங்கள் வேறு இடத்தில் கருத்து எழுதும்போது அதன் தொடக்கம் மட்டும்தான் பெயரோடு தெரியும். அதனால் பதவிப் பெயரில் தொடங்காமல் "லேப்டாப் பைகள் தைத்துத் தருகிறேன்" என்று தொடங்குங்கள். நிறுவனங்களின் மொத்த ஆர்டர் தேடுபவராக இருந்தால் அங்கே கொஞ்சம் நேரம் செலவழிப்பது நல்லது.

மாற்றியபின் பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? உங்கள் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றியிருந்தால் இன்சைட்ஸ் பகுதியில் எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் இணைப்பைத் தட்டினார்கள் என்று காட்டும். பயோவை மாற்றும் முன் அந்த இரண்டையும் குறித்து வையுங்கள். மாற்றியபின் சில வாரம் வழக்கம்போலவே பதிவு போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பக்கத்துக்கு வருபவர்களே குறைவு என்றால், குறை பயோவில் இல்லை, பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும். ஆட்களை இழுத்து வருவது பயோவின் வேலை இல்லை. வருகிறார்கள், இணைப்பைத் தட்டவில்லை என்றால் பயோவை இன்னும் திருத்த வேண்டும். தட்டியும் வாங்கவில்லை என்றால் விலை, படம், அனுப்பும் செலவு இவற்றில் ஏதோ ஒன்று இடிக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் சிக்கல் நடுவில், அதாவது பயோவில் இருக்கிறது, அது கொஞ்ச நேர வேலையில் சரியாகக் கூடியது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

அப்புறம், பயோவை ஒரு முறை எழுதி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்டர் குவிந்து 7 நாள் 12 நாளாகிறது என்றால், அன்றைக்கே அந்த எண்ணை மாற்றுங்கள். சில வாரம் ஆர்டர் எடுக்க முடியாது என்றால் மறுபடி எப்போது எடுப்பீர்கள் என்ற தேதியை முதல் வரியிலேயே போடுங்கள், அந்தத் தேதி வந்ததும் எடுத்துவிடுங்கள்.