'வேர்ட்' ஒன்றா, பலவா?

கேள்வி: ஏற்காடு ஏரிக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் வரவேற்புப் பணியில் இருக்கிறேன். மூடுபனி இறங்குவதற்குள் புறப்படுவது நல்லது என்று விருந்தினர் ஒருவரின் ஓட்டுநரிடம் சொல்லியிருந்தேன். பிறகு அந்த விருந்தினரிடம் 'ஐ ஹேட் வேர்ட்ஸ் வித் யுவர் டிரைவர்' என்றேன். அவர் முகம் மாறி, உடனே ஓட்டுநரை அழைத்து விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பல வார்த்தைகள் பேசியதால்தானே பன்மையில் சொன்னேன்? இதில் என்ன பிழை?
– வாசகி, ஏற்காடு

பதில்: இலக்கணப்படி பிழையே இல்லை, சங்கடமும் அதுதான். 'ஹேவ் எ வேர்ட்' என்றால் ஒருவரிடம் சற்றுப் பேசுவது. 'ஹேவ் வேர்ட்ஸ்' என்றால் வாய்த்தகராறு. அரை மணி நேரம் பேசினாலும், சண்டை மூளாதவரை ஆங்கிலேயருக்கு அது 'எ வேர்ட்' தான். இதில் நமக்கு வியப்பதற்கு ஒன்றுமில்லை. "வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா" என்பதற்கும், "நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன்" என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் எண்ணிக்கையை வைத்தா அளக்கிறோம்?

ஒருமையில் சொல்லிவிட்டால் ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் மேலாளர் ஓர் ஊழியரைக் குறித்து 'ஐ வில் ஹேவ் எ வேர்ட் வித் ஹிம்' என்றால், பெரும்பாலும் அவரைக் கண்டிக்கப் போகிறார் என்றே கொள்ள வேண்டும். 'எ வேர்ட் இன் யுவர் இயர்' என்பது பிறர் அறியாமல் காதோடு சொல்லும் எச்சரிக்கை. பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்து அலுவலகங்களில் குடியேறிவிட்ட 'டச் பேஸ்' மட்டும், சுருக்கமாகப் பேசி நிலவரம் தெரிந்துகொள்வதைக் குறிக்கும் சாதுவான தொடர்.

இத்தொடர்களை நேர்ப்பொருளோடு பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சி வகுப்புகள், யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்வது என்பதைக் கற்பிப்பதே இல்லை. கட்டணத்தை மட்டும் முழுதாக வாங்கிக்கொள்கின்றன. உண்மையில் அன்று உங்களுக்கு மரபுத்தொடரே தேவைப்படவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியவரிடம், 'ஐ ஆஸ்க்டு யுவர் டிரைவர் டு லீவ் பிஃபோர் த மிஸ்ட்' என்றிருந்தால், சொல்ல வந்த செய்தியும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த விருந்தினரின் தொலைபேசி எண் விடுதிப் பதிவேட்டில் இருக்குமே! ஓட்டுநர்மீது உங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை என்று இன்றே அவரை அழைத்துத் தெளிவுபடுத்திவிடுங்கள். இதில் வேலைக்கு ஆபத்து வந்தால் அது ஓட்டுநருக்குத்தான்.