நாய்ப்பங்கு

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமம் எங்களுடையது. கடலை, கொஞ்சம் நெல், இருபது ஆடு. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வேட்டை நாய் இல்லாத நாள் கிடையாது. இப்போது இருப்பது கன்னி இனத்து நாய். மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் ஊரே கம்பெடுத்து முயல் பிடிக்கப் பாரிவேட்டைக்குக் கிளம்பும். கடந்த முறை கண்மாய்க் கரையிலேயே அதிகாரிகள் மறித்துவிட்டார்கள். நாலைந்து பேருக்கு அபராதம். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். எழுபது வயதுக்காரரைத் திருடனைப் போல நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். இனிமேல் வேட்டை இல்லையென்றால் சாமி குற்றம் ஆகிவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனும் நாயும் ஒரே பாயில்தான் தூங்குகிறார்கள். "நான் எப்போது வேட்டைக்குப் போவேன்?" என்று கேட்கிறான். அமெரிக்காவில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, லைசென்ஸோடு வேட்டைக்கு அழைத்துப் போவதை வீடியோவில் பார்க்கிறேன். நமக்கு மட்டும் ஏன் கூடாது? கடலைக்காட்டைப் பன்றி உழுதுபோட்டாலும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. ஜல்லிக்கட்டுக்குச் சட்டத்தைத் திருத்தியதுபோல இதற்கும் திருத்த முடியாதா? வேட்டை என்னோடு முடிந்துவிடுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

வேட்டை உங்களோடு முடியப் போவதில்லை. உங்கள் தகப்பனார் காலத்திலேயே முடிந்துவிட்டது. நீங்களும் நானும் பார்த்தது அதன் கருமாதி.

நானும் முயல் தின்றவன்தான், அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஏழெட்டு வயதில் எங்கள் ஐயாவின் பின்னால் கம்பு தூக்கிக்கொண்டு பொட்டலில் ஓடியிருக்கிறேன். வனவிலங்குச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஐயா முயலைத் தேட மாட்டார், அது படுத்திருந்த இடத்தைத் தேடுவார். நம் ஊர் முயல் வளை தோண்டாது. புல் தூரின் ஓரத்தில் தன் உடம்பு அளவுக்கு ஒரு குழிவை அழுத்தி வைத்துக்கொண்டு, பகலெல்லாம் காதை மடக்கி அதில் கிடக்கும். ஐயா குனிந்து அந்தக் குழிவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் நாயை அவிழ்ப்பார். இல்லையென்றால் ஒன்றும் பேசாமல் அடுத்த தூருக்கு நடப்பார். மேட்டைப் பார்த்து ஓடவிட்டால் முயலைப் பிடிக்க முடியாது, பின்னங்கால் நீளம். பள்ளத்துப் பக்கம் திருப்பினால் தடுமாறும். ஆகவே ஆட்களை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி வேட்டை.

கிடைப்பது மூன்றோ நான்கோ. ஊர் மந்தையில் பனையோலை விரித்துப் பங்கு வைப்பார்கள். கிளப்பியவனுக்கு ஒரு பங்கு. அடித்தவனுக்குத் தலையும் ஒரு பங்கும். ஆண்பிள்ளை இல்லாத வீடுகளுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். பிறகு நாய்ப்பங்கு. அதை நாய்க்காரர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, எல்லோரும் பார்க்க நாயின் முன்னால் வைக்க வேண்டும். மூன்று முயலை நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் என்ன வரும்? அப்பத்தா ஒரு சட்டி நிறையக் குழம்பு வைத்துவிட்டு, "முயல் இதற்குள்ளேதான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, பிடித்துக்கொள்" என்பாள். கறிக்காக யாரும் போகவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இன்று முயல் எப்படி விழுகிறது என்பது உங்களுக்கே தெரியும். இரவு பதினொரு மணிக்கு இரண்டு மோட்டார் சைக்கிள், நெற்றியில் கட்டிய விளக்கு. வெளிச்சம் கண்ணில் விழுந்ததும் முயல் அப்படியே நின்றுவிடுகிறது. அதை அடிக்கத் தடம் தெரிய வேண்டாம், காற்று தெரிய வேண்டாம், நாய்கூட வேண்டாம். போன வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவர் என் காதருகே குனிந்து, "காட்டுக் கவுதாரி வந்திருக்கிறது, வெளியே சொல்ல வேண்டாம்" என்றார். தட்டில் ஏற்கெனவே காடை இருந்தது. 1974-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை, பண்ணையில் ஐந்து வாரத்தில் கறிக்கு ஆகிவிடும். அது இருக்கும்போது கவுதாரி எதற்கு? ஊருக்கு வருபவர்களுக்குச் செட்டிநாடு என்றால் தட்டில் காட்டு ருசி இருக்க வேண்டுமாம். வேட்டைக்குக் கதவைத் திறந்துவிட்டால் முதலில் உள்ளே நுழைவது இந்த வியாபாரம்தான். உங்கள் மகன் வரிசையில் கடைசியில் நிற்பான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில உயிரினங்களை லைசென்ஸ் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2022 திருத்தத்துக்குப் பிறகு நம் முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அடித்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். உங்கள் சித்தப்பாவை நிறுத்திப் படம் எடுத்தது அநாகரிகம். ஆனால் வழக்கு பொய் வழக்கு இல்லை.

அமெரிக்காவைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே 1937-ல் பிட்மன்-ராபர்ட்சன் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. மானை எண்ணுகிறார்கள், இந்தப் பருவத்தில் இத்தனைதான் என்று வரம்பு கட்டுகிறார்கள், பெரும்பாலும் பயிற்சி முடித்த பிள்ளைக்குத்தான் லைசென்ஸ். அந்தப் பிள்ளைகளே வருவதில்லை என்பதுதான் இப்போது அவர்கள் கவலை. 2016-ல் அங்கே வேட்டைக்காரர்கள் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேர். 1980-களின் தொடக்கத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தார்கள். வேட்டைக்காரர் குறைந்தால் காட்டுக்குப் பணம் குறையும் என்பதால், இளைஞர்களை இழுக்க அரசே திட்டம் போடுகிறது. நம் ஊர்ப் புறம்போக்கில் எத்தனை முயல் இருக்கிறது? யாராவது எண்ணியிருக்கிறோமா? எண்ணாத களஞ்சியத்திலிருந்து அள்ளக் கூடாது என்று நெல் விஷயத்தில் நமக்குத் தெரிகிறது.

பொட்டல்தான் எங்கே? ஐயா நடந்த மேட்டில் ஒரு பாதி தைலமரம், மறுபாதி கல் நட்ட மனைப்பிரிவு. கண்மாய்க்குள் சீமைக்கருவேல். முயலுக்கு வேண்டியது திறந்த வெளியும் புல்லும். சீமைக்கருவேலின் அடர்த்தி பன்றிக்குத்தான் தோது. முயல் குறைந்ததும் பன்றி பெருகியதும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

பன்றியைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நாம் சுட முடியாது. ஆனால் மனு கொடுக்கலாம், ஊராக விடாமல் கொடுக்க வேண்டும். வெடியோ மின்வேலியோ வைத்துவிடாதீர்கள். அதில் பன்றிக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாடு மாட்டும், சில சமயம் ஆளே மாட்டுவார்.

ஜல்லிக்கட்டை இதோடு சேர்க்காதீர்கள். சிராவயல் மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்ட மாடு சாயங்காலம் தொழுவுக்கு வந்து தவிடு குடிக்கும். முயலுக்கு அந்த வசதி இல்லை.

வேட்டையை இழந்தோம் என்று சொல்ல நம்மைவிட உரிமை உள்ளவர்கள் நரிக்குறவர்கள். நமக்கு அது வருடத்தில் ஒருநாள் திருவிழா, அவர்களுக்கு அன்றாட உலை. கண்ணியும் துப்பாக்கியும் போய், கையில் மிஞ்சியது ஊசிமணி பாசிமணி. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவே 2023 ஜனவரி வரை ஆயிற்று. என் காலத்துப் பாரிவேட்டையை நினைத்து ஏங்கும்போதெல்லாம் இது இடையில் வந்து நிற்கிறது.

சாமி குற்றத்துக்கு ஒரு பதில் உண்டு. விஜயதசமியன்று மகர்நோன்புப் பொட்டலுக்குச் சாமி குதிரை வாகனத்தில் போகிறது, அம்பு போடுகிறது, எதையும் கொல்லாமல் திரும்பி வருகிறது. சாமிக்கு அது போதுமென்றால் நமக்கும் போதும். மாசியில் ஊர் கூடி, கம்போடு எல்லையைச் சுற்றி வந்து, மந்தையில் பங்கு வையுங்கள். ஆட்டுக்கறியாக இருந்தால் என்ன? நாய்ப்பங்கை மட்டும் மறக்க வேண்டாம்.

இனி உங்கள் மகன். முசல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். கன்னிக்கு ஓட்டம் இல்லையென்றால் வீட்டையே கடித்துப் பிய்க்கும். கட்டிப்போடவும் கூடாது, அவிழ்த்து விட்டுவிடவும் கூடாது. கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் புள்ளிமான்களை விரட்டிக் கொல்வது பெரும்பாலும் இப்படி அலையும் நாய்கள்தான். அறுவடை முடிந்த வயலில் காலையில் மகனைச் சைக்கிளில் போகவிட்டு, நாயைக் கூட ஓடச் சொல்லுங்கள். எவ்வளவு வேகத்தில் போனாலும் ஒரு சீட்டியில் திரும்பி வரப் பழக்கட்டும். முயல் பின்னால் போகும் நாயையே ஐயா சீட்டியில் திருப்புவார். அவரிடம் நான் கற்க ஆசைப்பட்டு, கற்காமல் போனது அது ஒன்றுதான்.

கை துறுதுறுக்கிற பையன் என்றால் வளரி என்ற வளைந்த எறிதடியை எறியக் கற்றுக்கொடுங்கள். உங்கள் திருப்பத்தூரில்தான் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். ஈட்டியும் வளரியும் எறியத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று, அவர்களை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். குறிக்கு ஒரு வாழைத்தண்டு போதும்.

உயிருள்ளதைத் துரத்திப் பிடிக்கும் அந்தப் படபடப்பு அவனுக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்குத்தான் அழிகண்மாய் இருக்கிறது. தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும், கரையில் துண்டை வீசிக் காட்டினால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்குகிறோமே, அதைவிட என்ன வேட்டை? ஊத்தா என்ற மூங்கில் மீன்கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையைவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர் சும்மா இருக்கும். விரால் சிக்கியிருந்தால் மூங்கில் சிம்பில் ஒரு இடி. அந்த இடி மணிக்கட்டு வரை ஏறும். கெளுத்தி என்றால் முள் குத்திவிடும், அதையும் அவன் ஒருமுறை வாங்கிக்கொள்ளட்டும். குஞ்சைத் திரும்ப விட வேண்டும், பக்கத்து ஊர்க்காரன் ஊத்தாவில் கை வைக்கக் கூடாது, மீன் கிடைக்காமல் நிற்பவருக்கு இரண்டு கெண்டையாவது கொடுத்து அனுப்ப வேண்டும். பாரிவேட்டையின் சட்டதிட்டங்களில் பாதி இதற்குள்தான் உயிரோடு இருக்கின்றன.

உங்கள் ஊர்க் கண்மாய் பங்குனியில் அழியுமா, சித்திரையிலா? தேதி குறித்ததும் ஒரு வரி எழுதுங்கள், வருகிறேன். சித்தப்பாவையும் கரைக்கு அழைத்து வாருங்கள். என் ஊத்தாவைச் செல் அரித்துவிட்டது, எனக்கும் ஒன்று எடுத்து வைக்கவும்.